வில்லியம் பில்லிங்ஸ்: பாடுகிறவர்களுக்காக எழுதிய இசைஞர்



1770ஆம் ஆண்டின் கடைசியில் பாஸ்டன் நகரில் ஓர் இசைநூல் வெளிவந்தது. அதன் பெயர் ‘தி நியூ இங்கிலாண்ட் சாம் சிங்கர்’. அச்சிட்டவர்கள் ஈட்ஸ், கில் என்ற இருவர். பிரிட்டிஷ் அரசை வாரந்தோறும் சாடிக்கொண்டிருந்த ‘பாஸ்டன் கெசட்’ பத்திரிகையும் அவர்களுடையதுதான். முகப்புப் படத்தைச் செதுக்கியவர் வெள்ளிக் கொல்லரான பால் ரெவியர். அந்த ஆண்டு மார்ச் 5ஆம் தேதி பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மக்களைச் சுட்டதைப் படமாகச் செதுக்கி ஊரெங்கும் பரப்பியவரும் அவரே. இந்த நூலுக்கு அவர் செதுக்கிய படத்தில் சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிறார்கள். அவர்களைச் சுற்றி இசைக்குறிப்பின் கோடுகள் வட்டமாக வளைந்து ஓடுகின்றன.

அந்த நூலில் 120க்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. அத்தனையும் ஒரே ஆளின் ஆக்கம். அதற்கு முன் அமெரிக்காவில் பிறந்தவர்கள் இயற்றி அச்சேறிய திருச்சபை மெட்டுகள் ஏறக்குறைய ஒரு டஜன் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மற்றதெல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. முழுக்க முழுக்க ஓர் அமெரிக்கரின் இசை மட்டுமே அடங்கிய முதல் நூல் இதுதான். ஆசிரியர் வில்லியம் பில்லிங்ஸுக்கு அப்போது வயது 24. தொழில், தோல் பதனிடுவது.

நூல் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது. 1767இல் டவுன்ஷெண்ட் சட்டங்கள் இறக்குமதிக் காகிதத்துக்கு வரி போட்டன. குடியேற்ற நாட்டு வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்தார்கள். அமெரிக்கக் காகிதத்தில்தான் தன் இசை அச்சாக வேண்டும் என்று பில்லிங்ஸ் ஒன்றரை ஆண்டு காத்திருந்தார். அதனால் தனக்குப் பெரும் நட்டம் என்றும் நூலிலேயே எழுதினார். கையில் காசில்லாத ஓர் இளைஞர் அப்படிக் காத்திருந்ததை நான் எளிதில் கடந்துபோக மாட்டேன்.

அவர் 1746 அக்டோபர் 7ஆம் தேதி பாஸ்டனில் பிறந்தார். பதினான்கு வயதளவில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. தோல் பட்டறைக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டி, மரப்பட்டைச் சாறு, நாற்றம், கனத்த ஈரத் தோல்கள்: அன்றைய நகரங்களில் மிகத் தாழ்வாகப் பார்க்கப்பட்ட வேலைகளில் அதுவும் ஒன்று. இசையை அவர் பெரும்பாலும் தாமாகவே கற்றார். ஊரில் கிடைத்த ஆங்கில இசைநூல்களும், மாலை நேரப் பாட்டுப்பள்ளியும், சொந்தக் காதும்தான் அவருக்கு ஆசிரியர்கள்.

அவருடைய தோற்றத்தைப் பற்றி எழுதாத நூல் இல்லை. ஒரு கண் இல்லை, ஒரு கால் குட்டை, உடையில் கவனமில்லை என்று பட்டியலிட்டுவிட்டு, இசைக்குக் கடைசியில் இரண்டு வரி ஒதுக்குவார்கள். இந்த விவரங்கள் பொய்யல்ல. சேலம் நகர மதகுரு வில்லியம் பென்ட்லி தம் நாட்குறிப்பில் எழுதியவைதான். ஆனால் அதே குறிப்பில் பென்ட்லி, இவர் சாதாரண மனிதர்களுக்கு மேலான ஆற்றலோடு பேசினார், பாடினார், சிந்தித்தார் என்றும், நியூ இங்கிலாந்து இசையின் தந்தை இவரே என்றும் பதிந்திருக்கிறார். எடுத்துச் சொல்வோர் பலர் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். எனக்கு இரண்டாம் பாதி போதும்.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்க, அவருக்கு முன் அங்கே கோயில்களில் எப்படிப் பாடினார்கள் என்று பார்க்க வேண்டும். நியூ இங்கிலாந்தில் குடியேறிய தூய்மைவாதிகள் ஆராதனையில் சங்கீதங்களை மட்டுமே பாடினார்கள், இசைக்கருவி கிடையாது. ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சான முதல் நூலே 1640இல் கேம்பிரிட்ஜில் வந்த ‘பே சாம் புக்’ என்ற சங்கீத நூல்தான். அதில் இசைக்குறிப்பு இல்லை. குறிப்போடு ஒரு பதிப்பு வர 1698 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் மெட்டுகள் 13 மட்டுமே. ஆகவே சபையார் நினைவிலிருந்து பாடினார்கள். ஒருவர் ஒரு வரியைச் சொல்லிக் கொடுப்பார். சபை அதை இழுத்துப் பாடும். அடுத்த வரிக்கு நிறுத்தம். தலைமுறைகள் கடக்கக் கடக்க மெட்டு மெதுவாகி, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய நெளிவுகளைச் சேர்த்து, ஒரே சபையில் பலரும் பல இடங்களில் நின்றார்கள்.

1720களில் சில மதகுருமார் இதை மாற்ற முனைந்தார்கள். குறிப்புப் பார்த்துப் பாடும் முறையைக் கற்பிக்க 1721இல் ஜான் டஃப்ட்ஸ், தாமஸ் வால்டர் ஆகிய இருவரும் பாடநூல்கள் வெளியிட்டார்கள். ஊருக்கு ஊர் பாட்டுப்பள்ளிகள் தோன்றின. ஊர் ஊராகப் போகும் ஆசிரியர் ஒருவர் வந்து, சில வாரங்களோ ஒரு பருவமோ தங்குவார். பெரும்பாலும் விவசாய வேலை ஓய்ந்த மாதங்கள், மாலை நேரம். பள்ளிக்கூட அறையிலோ விடுதிக் கூடத்திலோ இளைஞர்களும் இளம்பெண்களும் கூடுவார்கள். சுரம், தாளம், நான்கு குரல் பகுப்பு எல்லாம் கற்பார்கள். ஆசிரியர் தாம் தொகுத்த நூலை அவர்களுக்கு விற்பார். முடிவில் ஊரார் முன் பாடிக் காட்டுவார்கள். பெற்றோர் கண்ணுக்கு அப்பால் ஆணும் பெண்ணும் சந்திக்க இதைவிட மரியாதையான இடம் அந்தச் சமூகத்தில் அரிது. 1774இல் பில்லிங்ஸ் ஸ்டோட்டன் ஊரில் பாட்டுப்பள்ளி நடத்தினார். அங்கே பாடிய லூசி ஸ்வான் என்ற பெண்ணை அதே ஆண்டில் மணந்தார். அது அவருடைய இரண்டாம் திருமணம். அந்த ஊர்ப் பாடகர்கள் 1786இல் அமைத்த ஸ்டோட்டன் இசைச் சங்கம் அமெரிக்காவின் மிகப் பழைய பாடகர் சங்கங்களில் ஒன்று.

இனி அவருடைய இசைக்கு வருகிறேன். அந்தக் காலத்து நூல்களில் நான்கு குரல்கள்: மேலே டிரெபிள், அடுத்து கவுண்டர், பிறகு டெனர், அடியில் பாஸ். நம் பாடகர் குழுக்களில் மெட்டு சொப்ரானோவில் இருக்கும். மற்ற மூன்றும் அதற்குத் துணை. பில்லிங்ஸின் இசையில் மெட்டு டெனரில் இருக்கிறது. அவர் டெனரை முதலில் எழுதுவார். அதற்குப் பொருந்த பாஸ். பிறகு டிரெபிள். கடைசியாக கவுண்டர். கடைசியில் எழுதப்படும் குரலுக்கு மிஞ்சிய சுரங்களே கிடைக்கும் என்ற சிக்கல் அவருக்கு நன்றாகத் தெரியும். 1794இல் வந்த ‘தி கான்டினென்டல் ஹார்மனி’ நூலில் ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதாக அமைத்த பகுதியில் அதையெல்லாம் விளக்குகிறார். ஆனாலும் ஒவ்வொரு குரலும் பாடுகிறவருக்குச் சுவை தர வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கவுண்டர் குரலில் நிற்பவரும் மாலை முழுக்க ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவருக்கும் ஏறி இறங்கும் ஒரு வழி வேண்டும்.

இந்த ஒரு கொள்கையை வைத்து அவருடைய மற்ற எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்பது என் கருத்து. அவர் எழுதியது கேட்பவர்களுக்காக அல்ல, பாடுகிறவர்களுக்காக.

‘ஃபியூஜிங் டியூன்’ என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவர் உருவாக்கவில்லை. இங்கிலாந்தின் கிராமக் கோயில்களிலிருந்து வந்தது. ஆனால் நியூ இங்கிலாந்தில் அது பெருகியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பாட்டின் முதல் பாதியில் நான்கு குரல்களும் ஒன்றாக நடக்கும். பிறகு எல்லாரும் நிற்க, பெரும்பாலும் பாஸ் மட்டும் அடுத்த வரியைத் தொடங்கும். அது முடியும் முன்னே டெனர் அதே வரியோடு நுழையும், அதன்மேல் டிரெபிள், அதன்மேல் கவுண்டர். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வெளியே இருந்து கேட்டால் என்ன சொல் என்று பிடிபடாது. கடைசியில் நான்கும் கூடி ஒரே அடியில் வந்து நிற்கும். நடுவே உட்கார்ந்து பாடுகிறவருக்கோ, தன் முறை எப்போது என்று மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதும், நுழைந்ததும் பக்கத்துக் குரலோடு மல்லுக்கு நிற்பதும் பெரிய மகிழ்ச்சி. பில்லிங்ஸ் இதைக் குரல்களுக்கு இடையிலான போட்டியாகவே கண்டார். மதகுருமார் சிலருக்கு இது எரிச்சல். வேதச் சொல் புரிய வேண்டாமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தக் கோயில்களில் சொல் எல்லாருக்கும் மனப்பாடம். பாடுகிறவருக்கு அது புரியவில்லை என்று சொல்ல முடியாது.

எளிமையில் அவர் தொட்ட உயரத்துக்கு ‘வென் ஜீசஸ் வெப்ட்’ சான்று. 1770 நூலில் உள்ளது. இயேசு கண்ணீர் விட்டதைப் பற்றிய சிறு பாட்டு. மெட்டு ஒன்றுதான். ஒரு குழு தொடங்க, ஒரு வரி கடந்ததும் அடுத்த குழு அதையே தொடங்க, இப்படி நான்கு அடுக்காகச் சுழல்கிறது. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் இறங்கி இறங்கி வரும் அந்த மெட்டை இசை பயிலாத எவரும் கற்கலாம். கற்றவரின் கையில் அது நாற்குரல் இசையாகிவிடுகிறது.

போர் வந்தது. 1775 ஏப்ரல் முதல் 1776 மார்ச் வரை பாஸ்டன் முற்றுகையில் இருந்தது. மாகாணத்தின் மக்கள் பேரவை சார்ல்ஸ் ஆற்றங்கரையிலுள்ள வாட்டர்டவுனில் கூடியது. அந்த நாட்களைப் பற்றி பில்லிங்ஸ் எழுதிய பாட்டுதான் ‘லேமென்டேஷன் ஓவர் பாஸ்டன்’. பாபிலோன் நதிக்கரையில் உட்கார்ந்து எருசலேமை நினைத்து அழும் 137ஆம் சங்கீதத்தை எடுத்து, பாபிலோன் இருந்த இடத்தில் வாட்டர்டவுனையும் எருசலேம் இருந்த இடத்தில் பாஸ்டனையும் வைத்தார். வேத வசனத்தில் ஊர்ப்பெயரை மாற்றுவது துணிச்சலான செயல். வீட்டை விட்டு ஓடி அடுத்த ஊரில் தங்கியிருந்தவர்கள் அதைப் பாடியபோது, அது அவர்களுக்கு உவமையாகப் பட்டிருக்காது; நடந்ததாகவே பட்டிருக்கும்.

அந்தப் பாட்டு 1778இல் வந்த அவருடைய இரண்டாம் நூலான ‘தி சிங்கிங் மாஸ்டர்ஸ் அசிஸ்டன்ட்’டில் இருக்கிறது. நான்கு பதிப்புகள் கண்ட நூல் அது. மக்கள் அதை ‘பில்லிங்ஸின் சிறந்தது’ என்றே அழைத்தார்கள். முன்னுரையில் தம் முதல் நூலைத் தாமே கடுமையாக மதிப்பிடுகிறார். மூத்த மகன் ரூபன் தண்ணீரைப்போல் நிலையற்றவன் என்று யாக்கோபு சொன்னதை நினைவுபடுத்தி, தம் தலைச்சன் பிள்ளையும் அப்படித்தான் என்கிறார். முதல் நூலின் பல பாடல்களைத் தள்ளினார், சிலவற்றைத் திருத்தினார். ‘செஸ்டர்’ என்ற பாட்டு புதிய அடிகளோடு வந்தது. பிரிட்டிஷ் தளபதிகளின் பெயர்களையே வரிசையாகச் சொல்லும் அடிகள். போராட்டக் காலத்தில் மக்கள் மிக அதிகமாகப் பாடிய பாடல்களுள் அது ஒன்றானது. கோயில் மெட்டில் ஏறிய போர்ப்பாட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நூலில் எல்லாம் இனிமையாகவே இருக்கிறது, முரண் சுரங்களின் உறைப்பு இல்லை என்று சிலர் குறை சொன்னார்கள். அதற்குப் பதிலாக ‘ஜார்கன்’ என்று ஒரு குட்டிப் பாட்டு எழுதினார். தொடக்கம் முதல் இறுதி வரை காதைக் கீறும் முரண் சுரங்களே. நகைச்சுவைக்காக எழுதியதுதான். ஆனால் அதை எழுத இசை இலக்கணம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். படிக்காதவர், விதி தெரியாதவர் என்று அவரைச் சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். பிறர் வகுத்த விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, இயற்கையே முதல் ஆசிரியர் என்று 1770 முன்னுரையிலேயே அவர் சொல்லியிருந்தார். விதியை அறியாத நிலையில் சொன்ன சொல்லாக அதை நான் படிக்கவில்லை.

1778 நூலில்தான் ‘டேவிட்ஸ் லேமென்டேஷன்’ வருகிறது. மகன் அப்சலோம் கொல்லப்பட்ட செய்தி கேட்டு மாடி அறைக்குப் போய் அழும் தாவீது அரசனின் துயரம். இரண்டு, மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். அரசன் துயருற்றான், அறைக்குப் போனான், அழுதான் என்று கதை சொல்லும் குரல், திடீரென்று ‘என் மகனே’ என்று விளிக்கும் குரலாக மாறுகிறது. நான்கு குரல்களும் அந்த விளியில் நிற்கின்றன. அலங்காரம் இல்லை, நீட்டல் இல்லை. ஐரோப்பியப் பெரும் இசைஞர்கள் இதே வசனத்துக்கு அருமையான இசை தந்திருக்கிறார்கள். ஆனால் தோள் தோளாக உட்கார்ந்திருக்கும் ஊர் மக்கள் சேர்ந்து அழுவதுபோல் அமைந்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றே.

இத்தனை புகழ் இருந்தும் அவரிடம் பணம் தங்கவில்லை. காரணம் எளிது: மெட்டுக்கு உரிமையாளர் என்று சட்டம் யாரையும் ஏற்கவில்லை. 1770இலேயே தம் நூலுக்குப் பதிப்புரிமை கேட்டு மாசசூசெட்ஸ் பேரவைக்கு விண்ணப்பித்தார். 1772இல் அவருக்குச் சாதகமான மசோதா அவைகளில் நிறைவேறியது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் கையெழுத்துப் போடவில்லை. மாநிலத்தில் பதிப்புரிமைச் சட்டம் 1783இலும் நாடு முழுமைக்கும் 1790இலும் வந்தன. அதற்குள் அவருடைய மெட்டுகள் எல்லாத் தொகுப்புகளிலும் ஏறிவிட்டன. ஐசையா தாமஸ் 1786இல் வெளியிட்டு நன்றாக விற்ற ‘வூஸ்டர் கலெக்‌ஷன்’ போன்ற நூல்களுக்கு அவருடைய பாடல்கள் வலுச்சேர்த்தன. நாடே அவர் மெட்டைப் பாடியது. வருமானம் பிறருக்குப் போனது.

1780இல் ஒரு வீடு வாங்கினார். பத்தாண்டுக்குள் அதை அடகு வைத்தார். நகராட்சியின் சிறு அலுவல்களை ஏற்றார்: தெருத் துப்புரவு மேற்பார்வை, தெருவில் திரியும் பன்றிகளைக் கட்டுப்படுத்துவது, தோலின் தரம் பார்த்து முத்திரையிடுவது. 1790 டிசம்பரில் அவருக்கு உதவ நிதிக் கச்சேரி ஒன்று நடந்தது. நான் சொன்ன ‘தி கான்டினென்டல் ஹார்மனி’ 1794இல் வெளிவந்ததும் பாடகர் சங்கங்கள் அவர் குடும்பத்துக்காக எடுத்த முயற்சியால்தான். அடுத்த ஆண்டில் லூசி இறந்தார். ஆறு பிள்ளைகள். 1800 செப்டம்பர் 26ஆம் தேதி பில்லிங்ஸும் இறந்தார். பாஸ்டன் காமன் திடலின் ஓரத்தில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. அவர் வழியில் வந்தவர்கள் பெரும்பாலும் கைத்தொழில் செய்தவர்கள்: நியூ ஹேவனில் சீப்பு செய்த டேனியல் ரீட், தொப்பி செய்த டிமொத்தி ஸ்வான், விடுதி நடத்திய சப்ளை பெல்ச்சர். அவர்கள் இசையெல்லாம் ஒரு தலைமுறைக்குள் வடக்கு நகரங்களில் வெட்கப்பட வேண்டிய பொருளாகிவிட்டது. இலக்கணப்படி நடக்கவில்லை, நாகரிகத்துக்கு ஒவ்வாது, முரட்டுத்தனமானது என்றார்கள். இசையாசிரியர் ஆண்ட்ரூ லா தொடங்கிய சீர்திருத்தத்தை இன்னொரு இசையாசிரியர் லோவல் மேசன் முழுமையாக்கினார். 1833இல் பாஸ்டன் இசைக் கழகத்தை நிறுவியவர்களில் மேசன் முதன்மையானவர். 1838இல் நகரின் அரசுப் பள்ளிகளில் இசைப் பாடத்தைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய முறைப்படி, மெட்டு மேலே, துணைக் குரல்கள் கீழே, கேட்க இதமான பாட்டு. மேசன் செய்த நன்மைகளை நான் குறைக்கவில்லை. பல்லாயிரம் குழந்தைகளுக்குக் குறிப்புப் பார்க்கக் கற்றுத் தந்தவர். ஆனால் அவர் சபையைக் கேட்பவர்களாக எண்ணினார். பில்லிங்ஸின் பாட்டைக் கேட்பவராக மட்டும் அணுகினால் அது கரடுமுரடாகத்தான் இருக்கும்: வெற்றாக நிற்கும் ஐந்தாம் சுர இணைகள், முட்டிக்கொள்ளும் குரல்கள், விழுங்கப்படும் சொற்கள். உள்ளே நின்று பாடினால்தான் அதே முட்டல் வலிமையாகத் தெரியும்.

ஆகவே அது பாடுகிறவர்கள் மட்டுமே இருந்த இடத்துக்குப் போய்த் தங்கியது. 1801இல் பிலடெல்பியாவில் வந்த ‘தி ஈஸி இன்ஸ்ட்ரக்டர்’ நூல் சுரங்களுக்கு வடிவம் கொடுத்தது: ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி வைரம். வடிவத்தைப் பார்த்தாலே சுரம் தெரிந்துவிடும். இந்த முறை தெற்கே பரவியது. 1835இல் வில்லியம் வாக்கரின் ‘சதர்ன் ஹார்மனி’, 1844இல் ஜார்ஜியாவின் பி.எஃப். ஒயிட், ஈ.ஜே. கிங் தொகுத்த ‘தி சேக்ரட் ஹார்ப்’. பாஸ்டன் மறந்த பில்லிங்ஸை அலபாமா, ஜார்ஜியா விவசாயிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான்கு குரல்களும் சதுரமாக எதிரெதிரே உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாட்டாக நடுவில் வந்து நின்று கையால் தாளம் போட்டு நடத்துவார்கள். முதலில் சுரப்பெயர்களை மட்டும் முழுவதும் பாடி, பிறகு சொற்களோடு பாடுவார்கள். நம் பிள்ளைகள் கீதத்தைச் சுரமாகப் பாடிவிட்டுச் சாகித்தியத்துக்கு வருவதுபோல. கேட்பவர்களுக்காக அவர்கள் பாடுவதில்லை. வந்தவர் எவரும் ஏதாவது ஒரு குரலில் போய் உட்காரலாம். அந்நூலின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் பில்லிங்ஸின் பாடல்கள் பத்துக்கும் மேல் உள்ளன. ‘டேவிட்ஸ் லேமென்டேஷன்’ அவற்றில் ஒன்று.

கச்சேரி மேடைகளுக்கு அவர் திரும்பி வந்தது இருபதாம் நூற்றாண்டில். இசையமைப்பாளர் ஹென்றி கோவெல் 1944 முதல் ஃபியூஜிங் டியூன் என்ற பழைய வடிவத்தை வைத்து வரிசையாகக் கருவியிசைப் படைப்புகள் எழுதினார். இசையமைப்பாளர் வில்லியம் ஷூமன் 1956இல் இயற்றிய ‘நியூ இங்கிலாண்ட் டிரிப்டிக்’ பில்லிங்ஸின் மூன்று பாடல்களை அடிப்படையாகக் கொண்டது. நடுப்பகுதி ‘வென் ஜீசஸ் வெப்ட்’, கடைசிப் பகுதி ‘செஸ்டர்’. அமெரிக்காவின் பள்ளிப் பேண்டு வாத்தியக் குழுக்களில் வாசித்த பலருக்கு ‘செஸ்டர்’ தெரியும். 1977 முதல் 1990 வரை அவருடைய படைப்புகள் அனைத்தும் நான்கு தொகுதிகளாகச் செம்பதிப்பு கண்டன. அறிஞர்கள் செய்த அந்தப் பணி மிகப் பெரியது. ஆனால் அவரை உயிரோடு வைத்திருந்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள் என்பதை அந்தப் பதிப்பைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த அவையில் பாடகர் குழு நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் தவக்காலத்துக்கு ‘வென் ஜீசஸ் வெப்ட்’ சொல்லிக் கொடுங்கள். ஒரு மெட்டைக் கற்பித்தால் நான்கு குரலும் கிடைத்துவிடும். ஆர்கன் வேண்டாம். அது பழகிய பின் 1770 நூலிலேயே உள்ள ‘ஆஃப்ரிக்கா’ என்ற பாட்டுக்குப் போங்கள். பெயருக்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை, அந்நாளில் மெட்டுகளுக்கு ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர் வைப்பது வழக்கம். டெனர் வரியை ஆண்களோடு பெண்களும் பாடட்டும். டிரெபிள் வரிசையில் இரண்டு ஆண்களையும் நிறுத்துங்கள். பாஸ் குரலுக்கு மட்டும் ஆட்களைத் தாராளமாகப் போடுங்கள். அதில் பில்லிங்ஸ் மிகவும் கண்டிப்பானவர்.